‘நான்’ என்று சொன்னால் ஆளை எண்ணலாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கலைக்குழுப் பயிற்சியாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். ‘கலைக்குழுவைப் பத்திப் பேசுங்க’ என்று செயலாளர் அக்கா சொன்னார். பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். போன பொதுக்குழுவில் வரவு செலவு வாசித்தபோது ‘கலைக்குழு பயணப்படி’ என்று ஒரு வரி வந்தது. உடனே ஒரு அக்கா எழுந்தார். “பாடுறதுக்கும் ஆடுறதுக்கும் எதுக்கு நம்ம சந்தாப் பணம்? அந்தக் காசுக்கு ரெண்டு பேருக்கு ஆடு வாங்கக் கடன் குடுக்கலாமே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் பதிலும் வரவில்லை. அறிவொளிக் காலத்தில் ஊர் ஊராகக் கலைப்பயணம் போய்ப் பாடியவள் நான். பாடத் தெரியும், ஏன் பாடணும் என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பதிலை இன்னைக்குச் சொல்லப் பார்க்கிறேன். பதில் என் வாயிலிருந்து வருவதல்ல. அமெரிக்காவில் இருந்த ஒரு அம்மாவின் வாழ்க்கையிலிருந்து வருவது. அவர் பெயர் பெர்னிஸ் ஜான்சன் ரேகன். கறுப்பினப் பெண். பாட்டுக் கட்டுபவர், இசையமைப்பவர், நாடகக்காரர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர், ரேடியோவுக்குப் பெரிய தொடர் நிகழ்ச்சி தயாரித்தவர். அமெரிக்க ஜனாதிபதி ரீகனுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு பயிற்சியில் இவருடைய குழுவின் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். மேளம் இல்லை, ஆர்மோனியம் இல்லை, பெண்கள் குரல் மட்டும். இங்கிலீஷ் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நாற்று நடும்போது எங்க அப்பத்தா ஒரு பக்கம் எடுத்துவிட, எதிர்வரிசை வாங்கிப் பாடுமே, அந்த மாதிரி இருந்தது. அதிலிருந்து என் மகளை நச்சரித்து, படிக்கச் சொல்லி, தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டவைதான் நான் இப்போது சொல்லப் போவது.

1942இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்ற ஊருக்கு வெளியே கிராமத்தில் பிறந்தார். அப்பா போதகர். அவர்கள் கோயிலில் பெர்னிஸுக்குப் பதினோரு வயது ஆகும்வரை பியானோ கிடையாது. பாட்டு என்றால் வாய், கை, கால் மூன்றும்தான். கைத்தட்டு, தரையில் கால்தட்டு, ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவர் எல்லோரும் பிடித்துக்கொள்வது. காசு இல்லாததால் வந்த பழக்கம், கடைசிவரை அதையே அவர் தன் பலமாக வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அங்கே கறுப்பருக்கு எல்லாம் தனி. பஸ் ஸ்டாண்டில் தனி இடம், தனித் தண்ணீர்க் குழாய், தனிப் பள்ளிக்கூடம். ஓட்டுப் பதியப் போனால் துரத்துவார்கள். இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1961இல் வெளியூர் பஸ் போகும் நிலையங்களில் இப்படிப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது, ஆல்பனி பஸ் ஸ்டாண்டில் இல்லை. நவம்பர் மாதம் மாணவர்கள் சிலர் வெள்ளையர் பக்கம் போய் நின்றார்கள். கைது செய்தார்கள். அதைக் கண்டித்து மற்ற மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பெர்னிஸ் அப்போது அங்கே கல்லூரியில் சங்கீதம் படித்துக்கொண்டிருந்த பெண், வயது பத்தொன்பது.

ஊர்வலம் முடிந்து எல்லோரும் ஒரு கோயிலில் கூடினார்கள். அடுத்து என்ன ஆகுமோ என்று பயம். யாரோ ஒருவர் பெர்னிஸிடம் ‘ஒரு பாட்டு எடு’ என்றார். சின்ன வயதிலிருந்து பாடிவந்த பழைய சாமிப் பாட்டு ஒன்றை எடுத்தார். அந்தப் பாட்டில் ‘துன்பம்’ என்று ஒரு சொல் வரும். அந்த இடம் வரும்போது சுற்றிப் பார்க்கிறார். பயந்தாலும் நிமிர்ந்து நிற்கும் பிள்ளைகள். அங்கே துன்பம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ‘துன்பம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘விடுதலை’ என்று போட்டுப் பாடினார். ராகம் மாறவில்லை. கூட்டம் அப்படியே பிடித்துக்கொண்டது. இந்தப் பாட்டு பெரியவங்களோடது, கோயிலோடது என்று அதுவரை நினைத்திருந்தாராம். நமக்குத் தேவையானபடி நாம் இதை எடுத்து உபயோகிக்கலாம், இது நம்ம பொருள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று பின்னால் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு சொல். நம்ம கலைக்குழுப் பிள்ளைங்க கும்மிப் பாட்டு மெட்டில் வங்கிக் கடன், குழந்தைத் திருமணம் என்று போட்டுப் பாடும்போது, ‘பழைய மெட்டைக் கெடுக்கிறீங்க’ என்று சில பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்காகத்தான் இதை நீட்டிச் சொன்னேன்.

டிசம்பரில் ஆல்பனியில் 700 பேருக்கு மேல் கைதானார்கள். சிறை கொள்ளவில்லை, பக்கத்து ஊர்ச் சிறைகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். பெர்னிஸும் உள்ளே போனார். கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரே அறையில் பலதரப்பட்ட பெண்கள். படித்த பிள்ளைகள், வீட்டு வேலை செய்கிற அம்மாக்கள், வயதான பாட்டிகள். வெளியே இருந்தால் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில் இன்னொருத்தர் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். உள்ளே வயதானவர்கள் ‘பெர்னிஸ், பாடும்மா’ என்று கேட்பார்களாம். அங்கேயே இரண்டு மாணவிகள் பழைய பாட்டு மெட்டில் போலீஸ் தலைவர் பெயரையும் மேயர் பெயரையும் போட்டு ஒரு பாட்டுக் கட்டினார்கள். பெயர் சொல்லிக் கேள்வி கேட்கும் பாட்டு! மனு எழுதினால் வாங்கி வைப்பார்கள், பாட்டை எங்கே வாங்கி வைப்பது? சிறைக்குப் போய்வந்த பிறகு தன் குரலே மாறிப்போனது, பெரிதாகிவிட்டது என்று பெர்னிஸ் சொல்லியிருக்கிறார். மேடையில் தனியாக நின்று அழகாகப் பாடப் பயிற்சி எடுத்த பெண்ணுக்குச் சிறையில்தான் அந்தக் குரல் வந்தது.

இன்னொரு சம்பவம். இது பெர்னிஸ் வாழ்க்கையில் நடந்தது என்று சொல்லவில்லை, அதே இயக்கத்தில், பக்கத்து டெரல் கவுண்டியில், 1962 ஜூலையில் நடந்தது. சாஸர் என்ற ஊரில் ஒரு சின்னக் கோயிலில் ஓட்டுப் பதிவு பற்றி இரவுக் கூட்டம். நாற்பது பேர்தான் இருப்பார்கள். ஷெரிப் தன் ஆட்களோடு உள்ளே வந்துவிட்டார். துப்பாக்கி இருக்கிறது. ‘உன் பேரென்ன, எங்கே வேலை பாக்குற’ என்று ஒவ்வொருவரையும் மிரட்டுகிறார்கள். வெளியே நிற்கும் வண்டி நம்பரைக் குறிக்கிறார்கள். வேலை போகும், வீடு போகும் என்று அர்த்தம். ஜனங்கள் பாட ஆரம்பித்தார்கள். முதலில் குரல் நடுங்கியது, போகப்போக உறுதியானது. அந்தக் கோயிலை அந்த வருஷம் செப்டம்பரில் கொளுத்திவிட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுப் பாடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கதை சொல்ல நான் வரவில்லை.

அப்புறம் எதுக்குப் பாட்டு? பெர்னிஸ் சொல்லும் விளக்கம் இது. போலீஸ்காரர் உள்ளே வரும்போது ஜனங்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தால் அந்த இடம் அவர் இடமாகிவிடும். பாட்டு எழும்பிவிட்டால் அந்தக் காற்று முழுக்க நம்ம குரல். அவர் வந்து நிற்கலாம், ஆனால் நம்ம இடத்தில் வந்து நிற்கிறார். சத்தம் எதுவரை போகுதோ அதுவரை நம்ம எல்லை. எனக்கு இது சட்டென்று விளங்கியது. சாராயக் கடையை எடுக்கச் சொல்லி நாம உட்கார்ந்த அன்னைக்கு ஞாபகம் இருக்கா? கடைக்காரர் ஆட்கள் வண்டியில் வந்து இறங்கினதும் எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். வாயில்லாத ஒரு பெரியம்மா, கூட்டத்தில் கையெழுத்துப் போடக்கூட எழுந்து வராதவர், அவர்தான் மாரியம்மன் பாட்டை எடுத்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி ஒரு விஷயம், நம்ம குழுக் கணக்குக்கு நேராக வருவது. ‘நாம் வெல்வோம்’ என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடுகிறார்களே, அந்த மெட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? கறுப்பர்களின் பழைய கோயில் பாட்டிலிருந்து. 1945 அக்டோபரில் சார்ல்ஸ்டன் நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. போராடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். நம்ம பீடி சுத்துற அக்காக்கள் மாதிரி புகையிலைத் தூசியில் வேலை பார்த்தவர்கள். குளிரிலும் மழையிலும் மாதக்கணக்கில் தொழிற்சாலை வாசலில் நின்றார்கள். சாயங்காலம் கலைந்து போகுமுன் இந்தப் பாட்டைப் பாடுவார்கள். அங்கிருந்து வந்த பெண்களிடம் டென்னசி மாநிலத்தில் ஹைலேண்டர் என்ற தொழிலாளர் பயிற்சிப் பள்ளியில் ஸில்ஃபியா ஹார்ட்டன் என்ற அம்மா கற்றுக்கொண்டார். அப்படி ஊர் சுற்றி, உலகம் சுற்றி நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்தது. முதலில் அந்தப் பாட்டில் ‘நாம்’ இல்லை. ‘நான்’ என்றுதான் இருந்தது. பின்னால்தான் ‘நாம்’ ஆனது.

‘நாம்’ என்பதுதானே நல்லது, ஒற்றுமையைக் காட்டுதே என்று நாம் நினைப்போம். பெர்னிஸ் அப்படி நினைக்கவில்லை. கறுப்பர்கள் பாட்டில் ‘நான்’ என்று வருவது சுயநலம் இல்லை என்கிறார். ‘நாம் செய்வோம்’ என்று ஒருவர் சொன்னால் யார் வருவார் என்று யாருக்கும் தெரியாது. நாலு பேர் எழுந்து ‘நான் வர்றேன்’ என்று சொன்னால் நாலு பேர் உண்டு என்று எண்ணிக்கொள்ளலாம். அந்த நாலு ‘நான்’ சேர்ந்தால்தான் நிஜமான கூட்டம்.

இதை என் மகள் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். தவணை நாளில் நம்ம குழுவில் நடப்பது இதுதானே! “நாம பாத்துக் கட்டிடலாம்க்கா” என்று சத்தமாகச் சொல்பவர் யார், “இந்த மாசம் நான் முந்நூறு தர்றேன், மீதி பத்தாந்தேதி” என்று சொல்பவர் யார்? தீர்மானப் புத்தகத்தில் ‘அனைவரும் ஒருமனதாக’ என்று எழுதுகிறோம். அந்த ‘அனைவரும்’ கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் என்ன பேசுகிறார்கள் என்று கணக்காளர் அக்காவுக்குத் தெரியும்.

பெர்னிஸின் மற்றக் கதையைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1962இல் மாணவர் இயக்கத்துக்காக நாலு பேர் ‘ஃப்ரீடம் சிங்கர்ஸ்’ என்று ஒரு பாட்டுக்குழு ஆனார்கள். இரண்டு பெண், இரண்டு ஆண். ஒரு காரில் ஒன்பது மாதத்தில் சுமார் 80,000 கிலோமீட்டர் சுற்றினார்கள். தெற்கே அடி வாங்குகிறவர்களின் கதையை வடக்கே பாடிச் சொல்லி இயக்கத்துக்கு நிதி சேர்த்தார்கள். பாடுகிற செய்தித்தாள் நாங்கள் என்பார். கூடப் பாடியவரையே கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகள், பிறகு பிரிவு. இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, விட்ட படிப்பை மறுபடி தொடர்ந்து, 1975இல் வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆராய்ச்சி எதைப் பற்றி? அந்த இயக்கத்தின் பாட்டுகளைப் பற்றி. சிறையில் பாடியதையே படிப்பாக்கிவிட்டார்.

படிக்கும்போதே வாஷிங்டனில் ஒரு கறுப்பர் நாடகக் கம்பெனியில் நடிகர்களுக்குப் பாட்டுப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பயிற்சியில் இருந்தவர்கள் ‘நாம தனியா ஒரு பாட்டுக்குழு ஆரம்பிக்கலாம்’ என்றார்கள். நிறையப் பேர் சேர்வார்கள் என்று நினைத்து ஒத்திகை வைத்தார். வருவார்கள், வரமாட்டார்கள். ஒரு நாள் பார்த்தால் மொத்தம் நாலு பெண்கள், தன்னையும் சேர்த்து. நம்மளா இருந்தால் ‘ஆள் வரல, கூட்டம் ரத்து’ என்று எழுதியிருப்போம். அந்த நாலு பேரும் பாடிப் பார்த்தார்கள், நல்லா இருந்தது. சரி, இதுதான் குழு என்று முடிவாயிற்று. 1973 நவம்பரில் முதல் மேடை. ‘ஸ்வீட் ஹனி இன் த ராக்’ என்று பெயர், பாறைக்குள் தேன் என்று பொருள். முப்பது வருஷம் அதை நடத்திவிட்டு 2004இல்தான் விலகினார். அந்த முப்பது வருஷத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்து போனார்கள். பிள்ளை பெற்றவர்கள், வேலை மாறியவர்கள், ஊர் மாறியவர்கள். குழு நின்றது. முழுநேரம் பாட்டையே நம்பி யாரும் இருக்க முடியவில்லை. பெர்னிஸே பகலில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். காது கேளாதவர்களுக்காக மேடையில் பாடகிகளோடு கூடவே ஒரு பெண் நின்று கையால் பாட்டைச் சொல்வார். அவரும் குழு உறுப்பினர்தான், உதவிக்கு வந்தவர் இல்லை.

அந்தக் குழுவுக்காக பெர்னிஸ் கட்டிய ஒரு பாட்டைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். 1985இல் கட்டியது. ‘என் கை சுத்தமா?’ என்று பெயருக்குப் பொருள். ஒரு பெண் கடையில் தள்ளுபடியில் ஒரு மேல்சட்டை வாங்குகிறாள். அந்தச் சட்டை எந்த வழியாக அவள் கைக்கு வந்தது என்பதுதான் பாட்டு. எல் சால்வடார் நாட்டில், பூச்சிமருந்து அடித்த காட்டில், அற்பக் கூலிக்குப் பருத்தி எடுக்கிறார்கள். அது கப்பலேறி அமெரிக்காவில் தெற்குக் கரோலினா மில்லுக்குப் போகிறது. வெனிசுவேலாவில் எடுத்த எண்ணெயிலிருந்து பாலியஸ்டர் நூல் வந்து அதோடு சேர்கிறது. துணி மறுபடி கடல் தாண்டி ஹெய்ட்டி தீவுக்குப் போகிறது. அங்கே பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறார்கள். சட்டையாகி மறுபடி அமெரிக்கக் கடைக்கு வருகிறது. இதெல்லாம் கற்பனை இல்லை, ஒரு ஆராய்ச்சியாளர் எழுதிய கட்டுரையை வைத்துக் கட்டியது. கட்டுரையை எத்தனை பேர் படித்தார்களோ, பாட்டைக் கேட்டவர்கள் ரொம்பப் பேர்.

இதைக் கேட்டபோது எனக்கு நூல் மில்லுக்குப் போன நம்ம ஊர்ப் பிள்ளைங்க ஞாபகம்தான் வந்தது. கல்யாணச் செலவுக்குப் பணம் சேரும் என்று மூணு வருஷம் விடுதியில் விட்டுவிட்டு வந்தோமே, இருமலோடு திரும்பி வந்தார்களே, அவர்கள். நம்ம பருத்தியும் நம்ம பிள்ளையும் எந்தக் கடைக்குப் போனது என்று நமக்குத் தெரியாது. இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பாட்டு முதலாளியை மட்டும் திட்டி நிற்கவில்லை. கடைசியில் சட்டை போட்டவள் தன் கையைப் பார்க்கிறாள். ‘நான்’ என்று கேட்கிறாள். மறுபடியும் அந்த ‘நான்’.

1994இல் கறுப்பர்களின் கோயில் இசை பற்றி 26 பகுதி ரேடியோத் தொடர் தயாரித்தார், அதற்குப் பெரிய விருது கிடைத்தது. மகள் தோஷியும் பாடகி. கடைசிக் காலத்தில் தாயும் மகளும் சேர்ந்து ஒரு முழு இசை நாடகம் உருவாக்கினார்கள். ஆக்டேவியா பட்லர் 1993இல் எழுதிய நாவலை வைத்து. வறட்சி, தீ, வேலை இல்லை, ஊரே சிதறிப்போகிறது. ஒரு கறுப்பினப் பெண் வழியில் கிடைத்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு நடக்கிறாள். சாதிசனம் இல்லை, சொந்தம் இல்லை, வழியில் கிடைத்தவர்கள். அந்த நாவலில் கதை தொடங்கும் வருஷம் 2024. பெர்னிஸ் அம்மா இறந்ததும் 2024 ஜூலையில். வயது 81.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் தொண்டை அடைக்குது, தண்ணி குடிச்சுக்கறேன்.

1981இல் கலிபோர்னியா மாநிலத்தில் யோசெமிட்டி மலைக்காட்டில் பெண்களுக்கான இசை விழா ஒன்று நடந்தது. பெர்னிஸை அழைத்திருந்தார்கள். பலவிதப் பெண்கள் வந்திருந்தார்கள், அவர்களுக்குள் நிறைய மனத்தாங்கல். ‘பெண்கள் எல்லாரும் ஒண்ணு’ என்று நல்ல வார்த்தை பேசிவிட்டு வந்திருக்கலாம். அவர் அப்படிப் பேசவில்லை. அந்த உயரமான மலையில் தனக்கு மூச்சு வாங்குகிறது என்று ஆரம்பித்தார். பலதரப்பட்டவர்கள் கூட்டாகச் சேரும் இடமும் இப்படித்தான், மூச்சு முட்டத்தான் செய்யும் என்ற மாதிரி பேச்சைக் கொண்டுபோனார். அவர் பேசியதை என் வார்த்தையில் சொல்கிறேன். வீடு ஒன்று, கூட்டணி வேறு. உன்னைப் போன்றவர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் அறை வேண்டும், அது தப்பில்லை, அங்கேதான் தெம்பு கிடைக்கும். ஆனால் கூட்டணி வேலை வீட்டுக்குள் நடப்பதில்லை, தெருவில் நடப்பது. அங்கே யாரும் உனக்குச் சோறு ஊட்ட மாட்டார்கள், நீதான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுகமாக இருக்கிறது என்றால் அது கூட்டணியே இல்லை. அப்புறம் எதற்குப் போகணும்? அது இல்லாமல் யாரும் பிழைக்க முடியாது, அதற்காகத்தான்.

நம்ம குழு பன்னிரண்டு பேர், பதினைந்து பேர். ஒரே தெரு. பெரும்பாலும் ஒரே சனம். அது வீடு. கூட்டமைப்பு வீடு இல்லை. நாம் கூட்டமைப்புக்கு வந்தும் வீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கப் பார்க்கிறோம். பிரச்சினை அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

மாதக் கூட்டத்தை ஒவ்வொரு ஊரிலும் சுற்றி வைப்பது என்று தீர்மானம் போட்டோம். காலனியில் வைக்கிற முறை வந்தது. அன்னைக்கு வந்தவர்கள் பாதிப் பேர். ஒருத்தருக்குத் தலைவலி, ஒருத்தருக்கு விருந்தாளி. வந்தவர்களில் பல பேர் கையில் வீட்டிலிருந்து வாட்டர் பாட்டில். “எனக்குத் தொண்டை சரியில்லக்கா, வீட்டுத் தண்ணிதான் ஒத்துக்கும்” என்றார்கள். ஒரே நாளில் அத்தனை பேருக்குத் தொண்டை கெட்டுப்போச்சு. அந்தத் தெரு அக்காக்கள் சுண்டல் அவித்து, டீ போட்டு, புது டம்ளர் வாங்கி வைத்திருந்தார்கள். டீ ஆறிப்போனது. யாரும் எதுவும் பேசவில்லை. நான் டீ குடித்தேன், பெருமைக்குச் சொல்லவில்லை. குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். “ஏன் யாரும் குடிக்கல?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூட்ட அறிக்கையில் ‘தேநீர் வழங்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான்.

நம்ம கலைக்குழுவில் ஒன்பது பேர். நாலு பேர் காலனியிலிருந்து வருகிறவர்கள். அவர்களும் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து இந்த விழாவுக்காக ஒரு நாடகம் கட்டினார்கள். கடன் வசூல் காட்சி உண்டு, குடிகாரக் கணவன் காட்சி உண்டு, எல்லோரும் சிரிக்கிற மாதிரி. நடுவில் ஒரு காட்சி வாட்டர் பாட்டில் காட்சி. அதில் யாரையும் திட்டவில்லை. ஒரு அம்மா சுண்டல் தட்டை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போகிறாள், ஒவ்வொருவரும் பாட்டிலைத் திறந்து குடிக்கிறார்கள். வசனமே கிடையாது. பின்னால் நடவுப் பாட்டு மெட்டு மட்டும் வரும். ஒத்திகையில் பாட்டில் பிடித்து நடித்த பிள்ளை ஒருத்தி, நிஜத்திலும் அன்று பாட்டில் கொண்டு வந்தவள். இந்தப் பாத்திரத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். “நான்தானே செஞ்சேன், நானே நடிக்கறேன்க்கா” என்றாள்.

பத்து நாளைக்கு முன்னால் நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தது. விழாவுக்கு வெளி ஆட்கள், அதிகாரிகள் வருகிறார்கள், நம்ம வீட்டு விஷயத்தை மேடையில் ஏற்றணுமா, அந்தக் காட்சியை மட்டும் எடுத்துவிட்டு ஆடட்டுமே என்றார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. இந்தக் கூட்டமைப்பைக் கட்ட அவர்கள் வெயிலில் நடந்த நடை எனக்குத் தெரியும். உடைந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். பிள்ளைங்க அந்தக் காட்சி இல்லாமல் ஆட மாட்டோம் என்றார்கள். அதனால்தான் உங்கள் கையில் இருக்கும் நிகழ்ச்சி நிரலில் ‘நாடகம்’ என்ற வரி அடிக்கப்பட்டு, ‘கலைக்குழு பற்றி உரை’ என்று பேனாவில் எழுதியிருக்கிறது. நாடகத்துக்குப் பதிலாகத்தான் நான் நிற்கிறேன்.

பயணப்படி பற்றிக் கேட்ட அக்கா மூணாவது வரிசையில் இருக்கிறார், பார்த்துவிட்டேன். அக்கா, ஆடு வாங்கக் கடன் கொடுப்பது அவசியம், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த டீ ஏன் ஆறிப்போனது என்று நம்ம எந்த நோட்டிலும் எழுத இடமில்லை. வரவு நோட்டில் இல்லை, தீர்மான நோட்டில் இல்லை. அந்த ஒன்பது பிள்ளைங்க கிட்டத்தான் அது இருக்கு.

எனக்குக் கொடுத்த அரை மணியில் பத்து நிமிஷம் இன்னும் இருக்கிறது. நாடகத்தில் அந்தக் காட்சி ஏழு நிமிஷம். பிள்ளைங்க ஒன்பது பேரும் அதோ, தண்ணீர்ப் பானைப் பக்கம் நிற்கிறார்கள், பாட்டிலும் சுண்டல் தட்டும் கையில் இருக்கிறது. நான் கூப்பிடவில்லை, அவர்களாகவே கொண்டு வந்திருக்கிறார்கள். தலைவி அக்கா அனுமதி கொடுத்தால் என் மீதி நேரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். கொடுக்காவிட்டால் நான் இங்கேயே உட்கார்ந்து நடவுப் பாட்டை எடுக்கிறேன், வாங்கிப் பாட வருகிறவர்கள் ‘நான் வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள், எண்ணிக்கொள்கிறேன்.